எட்டாவது படம்

இயக்குநர் இறந்துபோன செய்தி வந்தபோது, கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரின் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று அவர் கேட்க, "முன்னாடி போட்டதுதான்" என்று வாடிக்கையாளர் சொல்ல, மேசைமேல் கிடந்த செல்போன் துடித்தது. ரசிகர் வட்டத் தலைவர்தான் கூப்பிட்டிருந்தார். எடுத்துக் காதில் வைத்தால் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா போயிட்டாருய்யா" என்று ஒரே ஒரு வரி.

அவ்வளவுதான். கடைக்காரர் அப்படியே நாற்காலியில் சரிந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வாடிக்கையாளர் நல்ல மனுஷர். வீட்டில்தான் ஏதோ துக்கம் என்று நினைத்து, அந்தச் சட்டத்தைக் கழற்றத் தெரியாமல், ஒரு கண்ணில் கறுப்பு மூடியும் மறு கண்ணில் மூன்று வில்லைகளுமாக இருபது நிமிஷம் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்.

"யாருங்க, கூடப் பிறந்தவரா?"

"அதுக்கும் மேலங்க."

"ரொம்ப நாள் பழக்கமோ?"

"முப்பத்திரண்டு வருஷம்."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

கடைக்காரர் மூக்கை உறிஞ்சியபடி யோசித்தார். "ஒரு தடவை கார்ல போகும்போது பாத்தேன்," என்றார். "கண்ணாடியை ஏத்தி விட்டிருந்தாரு."

போனவர் மொத்தம் ஏழு படம் எடுத்தவர். ஏழிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள்தான். அவர்களில் யாருக்கும் பதினெட்டு ஆனதே கிடையாது, அதற்குள் படம் முடிந்துவிடும். ஏழிலும் ஒரு பரீட்சை, ஒரு மொட்டைமாடி, ஒரு மழை, அப்புறம் இடைவேளைக்குப் பின்னால் தவறாமல் ஓர் 'அப்பா சீன்'. பிள்ளை தன் ஆசையை அப்பாவிடம் சொல்லும், அப்பா கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருப்பார், பிறகு உருகிவிடுவார். கூடவே தியேட்டரும் உருகும். இயக்குநர் கடைசிப் படத்தை எடுத்து இருபது வருஷமாகிவிட்டது. ஆனால் அன்று உருகியவர்கள் இன்னும் உறையவில்லை. 'என்றும் பதினேழு' என்று ஒரு ரசிகர் வட்டம் வைத்து மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். அதில் சராசரி வயது நாற்பத்தெட்டு. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு மூட்டுவலி.

வட்டத்தில் அவர்களுக்கென்று ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் எழுந்து ஒரு வசனத்தைச் சொல்வார். மற்றவர்கள் 'படம்! காட்சி!' என்று கத்திக்கொண்டு, அது எத்தனையாவது படம், எத்தனையாவது காட்சி என்று சொல்ல வேண்டும். தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு கண்ணாடிக்கடைக்காரருடையது. ஏழு படத்தின் வசனமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் வட்டத்தில் எல்லோரும் அவரை 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவியும் சில நேரம் அப்படித்தான் சொல்வாள், ஆனால் 'பிடிச்ச மனுஷன்' என்று கூடவே சேர்த்துக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு வசனத்துக்குக்கூட 'தெரியாது' என்று அவர் சொன்னதில்லை. மனுஷன் வாழ்க்கையில் சம்பாதித்த மரியாதை அது ஒன்றுதான் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நிஜமாகவே பதினேழு வயதில் ஒருத்தி இருந்தாள். அவருடைய மகள். ஒரே பிள்ளை.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வேறு ஊரில் இருக்கும் மரவேலைப் பயிற்சிக்கூடத்துக்கு அவளாகவே விண்ணப்பம் போட்டு, அவளாகவே தேர்வு எழுதி, இடமும் வாங்கிவிட்டாள். இரண்டு வருஷம் அங்கேயே தங்கி, மேசை நாற்காலி அலமாரி எல்லாம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளை என்பதால் படிவத்தில் அம்மா அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். நரம்பைப் பார்த்ததும் ஊசியைச் செருகிப் பழகிய கை, படிவத்தைப் பார்த்ததும் கையெழுத்தைப் போட்டுவிட்டது. அதற்குக் கீழே இருந்த கோடு பத்து நாளாகக் காலியாகக் கிடந்தது.

மகள் முதல் நாள் படிவத்தை நீட்டியபோது அகராதி கத்தவில்லை, கிழிக்கவில்லை. "பாக்கலாம்மா" என்றார். இரண்டாம் நாளும் பாக்கலாம். ஐந்தாம் நாளும் பாக்கலாம். மனைவியிடம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க, பொண்ணு அடுத்து என்ன படிக்கப் போகுதுன்னு. உளியும் சுத்தியும்னா சொல்லச் சொல்ற? கண் பரிசோதனை படிச்சுட்டு வந்தா கடை அவளுக்குத்தானே!"

"அவளுக்குக் கடை வேணாமாம்."

"பதினேழு வயசுல என்ன தெரியும் அவளுக்கு?"

"இதை உங்க அண்ணா படத்துல ஒரு அப்பா சொன்னா, நீங்க திரையைப் பாத்துச் செருப்பைத் தூக்குவீங்க," என்றாள் மனைவி. அகராதிக்கு மூக்கு உடைந்தது. அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

உண்மையில் கடை ஒரு சாக்குதான். சாயங்காலம் கூட்டம் ஓய்ந்த பிறகு மகள் வந்து, கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அவரோடு ஊர்க்கதை பேசுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற எட்டு மணி நேரத்தையும் ஓட்டினார். அது இல்லாமல் போய்விடுமே என்ற பயம் அவரைப் போட்டு ஆட்டியது. பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, பாக்கலாம் என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

அஞ்சலிக் கூட்டத்தை மூன்றாம் நாள் வைத்தார்கள். படிவத்துக்குக் கடைசி நாளும் அன்றைக்குத்தான், சாயங்காலம் ஐந்து மணி வரை. பயிற்சிக்கூடம் வேறு ஊர் என்றாலும் அதன் சேர்க்கை அலுவலகம் இவர்கள் ஊரிலேயே, கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அகராதிக்கு இது தெரியாமல் இல்லை. முந்தின நாள் தலைவர் கூப்பிட்டபோது அவர் மனதில் அது இல்லை, அவ்வளவுதான்.

"அகராதி, டிவியிலேர்ந்து வர்றாங்கய்யா! இளைஞர்கள் யாராவது பேசுவாங்களான்னு கேக்குறாங்க. நம்ம கூட்டத்தைப் படம் பிடிச்சா முதியோர் இல்லம் மாதிரி இருக்கும். உன் பொண்ணைக் கூட்டிட்டு வா. ஒரு அப்பா சீன் வசனம் பேசட்டும். அண்ணா இன்னைக்கும் வாழுறாருன்னு தெரியணும்ல?"

மகளிடம் கேட்டார். மூன்றாவது படத்திலிருந்து நான்கு வரியை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். அவள் அட்டையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், "சரிப்பா, பேசுறேன்" என்றாள். இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டாளே என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் தன் பிள்ளை தொலைக்காட்சியில் அண்ணாவின் வசனத்தைப் பேசப் போகிறது என்ற குஷியில் தலைகால் புரியவில்லை.

காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இன்னைக்கு அஞ்சு மணி. போனவரு எவ்வளவு நேரமானாலும் காத்துக்கிட்டு இருப்பாரு. அந்த ஆபீஸ் காத்துக்கிட்டு இருக்காது."

"பாக்கலாம்" என்றார் அகராதி.

மகள் படிவத்தைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கூட்டம் தலைவரின் டிரைவிங் ஸ்கூல் மாடியில். தலைவர் அதன் முதலாளி. சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். 'வேகத்தைக் குறை', 'முந்தாதே', 'குறுகிய பாலம்' என்ற படங்களுக்கு நடுவே இயக்குநரின் புகைப்படத்தை மாட்டி, முன்னால் பூக்களைக் கொட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அண்ணாவின் படங்களில் வருவது போலப் பள்ளிச் சீருடையில் வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை, கழுத்தில் டை. அறுபது தொப்பைகள் அறுபது வெள்ளைச் சட்டைகளின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. செயலாளர் ஒரு நாற்பத்தாறு வயதுப் பெண், இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். அதனால் அவளுக்கு 'ரிப்பன் அக்கா' என்றே பெயர். அவளுடைய சொந்த மகள் இந்தக் கூட்டங்கள் நடக்கும் தெருப்பக்கமே வருவதில்லை.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "அண்ணா நமக்குப் பயப்படாதேன்னு சொல்லிக்கொடுத்தார்! மனசுல பட்டதைச் செய்யுன்னு சொல்லிக்கொடுத்தார்!" என்று அவர் முழங்கியபோது பின்னால் சுவரில் 'ஹாரன் அடிக்காதே' என்று இருந்தது. பிறகு பல் டாக்டர் பேசினார். வட்டத்தில் அகராதிக்குப் போட்டி என்றால் இவர்தான். ஏழு படத்தின் அசல் போஸ்டரையும் தன் மருத்துவமனையில் மாட்டி வைத்திருப்பவர். வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகளிடம் வசனம் சொல்லி, எந்தப் படம் என்று கேட்பவர். அவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் பேசி முடிப்பதற்குள் தொலைக்காட்சியிலிருந்து வந்த நிருபர் பெண் மூன்று முறை கொட்டாவி விட்டுவிட்டாள். அவள் அண்ணாவின் ஒரு படத்தையும் பார்த்தவள் இல்லை. "யாராவது நல்லா அழுதா சொல்லுங்க, எடுத்துக்கறேன்" என்று ரிப்பன் அக்காவிடம் கேட்டு வைத்திருந்தாள்.

நான்கு மணிக்கு அகராதியின் மகளைக் கூப்பிட்டார்கள். அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சீருடையில் இல்லாமல், சாதாரண உடுப்பில், உண்மையான பதினேழு வயதில் ஒருத்தி மைக் முன்னால் நின்றாள். தந்தை முதல் வரிசையில் உட்கார்ந்து, அட்டையில் எழுதிக் கொடுத்த வரிகளை உதட்டளவில் முணுமுணுக்கத் தயாராக இருந்தார். மகள் அட்டையை எடுக்கவே இல்லை.

"அப்பா," என்று ஆரம்பித்தாள். "நீங்க ஒரு நாளும் என்னைத் திட்டினதில்ல. திட்டியிருந்தீங்கன்னா நானும் பதிலுக்குக் கத்திட்டு, கதவை அடிச்சுச் சாத்திட்டு, சண்டைன்னு ஒண்ணாவது போட்டிருப்பேன். நீங்க பாக்கலாம்னு சொல்லிட்டு டிவியைப் போட்டுடுறீங்க. பாக்கலாம்னு சொல்றவங்ககூட எப்படிப்பா சண்டை போடுறது?"

அகராதியின் உதடு நின்றது. இது மூன்றாவது படம் இல்லை.

"வாசல்ல ஒரு ஸ்டூல் கிடக்குல்ல. தினமும் அதுல உக்காந்துதான் ஷூ மாட்டுறீங்க. அம்மா எங்கேயோ வாங்கிட்டு வந்ததுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. அது நான் செஞ்சது. ஒரு ஆணிகூடக் கிடையாது. ஆறு மாசமா உக்காருறீங்க, ஒரு தடவையாவது ஆடுச்சா? அதை ஆடாமச் செய்றதுக்குள்ள நாலு ஸ்டூலை உடைச்சேன். உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னா எழுந்துடுவீங்களோன்னு விட்டுட்டேன்."

நிருபர் பெண் கேமராவை நிமிர்த்தினாள்.

"நான் எங்கேயும் ஓடிப்போகலப்பா. ரெண்டு வருஷம் போய்க் கத்துக்கிட்டு வர்றேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா எதுவா இருந்தாலும் என்னைப் பாத்துச் சொல்லுங்கப்பா."

முடித்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள், முதல் வரிசையில் ஒரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ரிப்பன் அக்கா விசும்பிய விசும்பலில் ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்தே விட்டது. நிருபர் பெண் அதை ஆசை தீரப் படம் பிடித்துக்கொண்டாள். தலைவர் எழுந்து நின்று, கண்ணீரோடு கையை உயர்த்தி, "படம்! காட்சி!" என்று கத்தினார்.

"மூணாவது படம்! முப்பத்தெட்டாவது காட்சி!" என்றார் பல் டாக்டர்.

"போங்க டாக்டர்! அதுல அப்பா தபால்காரரு. ஷூவே கிடையாது, கடைசி வரைக்கும் செருப்புதான். இது அஞ்சாவது படம்," என்றாள் ரிப்பன் அக்கா.

"அஞ்சாவதுல வீட்டுல டிவியே கிடையாதுக்கா. அப்ப ஆறாவதா இருக்கும். அந்த ஸ்டூல் பாருங்க, அது வெறும் ஸ்டூல் இல்ல. ஆணி இல்லாத குடும்பம். அண்ணாதான் இப்படி யோசிப்பாரு!"

"ஆறாவதுல எல்லாரும் பாயிலதான் உக்காருவாங்க!"

ஏழு படத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கும் அறுபது பேர் கூடி, ஒவ்வொரு படமாகத் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார்கள். ஒருவர்கூட, 'இந்தப் பெண் தன் அப்பாவிடம்தான் பேசுகிறாளோ?' என்று கேட்கவில்லை. பதினேழு வயதில் ஒரு பெண் இப்படிப் பேச வேண்டும் என்றால் அதை அண்ணாதான் எழுதியிருக்க முடியும். கடைசியில் எல்லாத் தலையும் அகராதியின் பக்கம் திரும்பியது. பல் டாக்டர் புருவத்தை உயர்த்தி, மெல்லச் சிரித்துக்கொண்டு, "என்ன அகராதி, தெரியலையா?" என்றார்.

அகராதிக்கு, 'அது என் பொண்ணு பேசுறது, என்கிட்டதான் பேசுறா' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், இடைவேளைக்கு முன்னால் எல்லோரும் திட்டுகிற அந்த அப்பா தான்தான் என்பதை, கேமரா முன்னால், ரிப்பன் அக்கா முன்னால், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல் டாக்டர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். தெரியாது என்று சொன்னாலும் இருபது வருஷ மானம் போய்விடும். அவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எட்டாவது படம்," என்றார்.

பல் டாக்டரின் சிரிப்பு நின்றது.

"அண்ணா எடுக்காம விட்ட படம். கதை மட்டும் எழுதி வச்சிருந்தாரு. எனக்கு மட்டும் ஒரு தடவை சொன்னாரு."

காரின் மூடிய கண்ணாடி வழியாகச் சொன்னாராக்கும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. தலைவர் ஓடிவந்து அவர் காலைத் தொடாத குறைதான். ரிப்பன் அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா என்ன பதில் சொல்றாரு? சொல்லுங்க, அப்பா என்ன சொல்றாரு?" என்று கெஞ்சினாள். மைக்கை அவர் கையில் திணித்தார்கள்.

அகராதி மகளைப் பார்த்தார். அவள் இன்னும் அதே இடத்தில்தான் நின்றாள். இல்லாத படத்தில் இல்லாத அப்பா என்ன சொல்வார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் வாயைத் திறந்ததும் வந்துவிட்டது. பத்து நாளாக வராதது, வேறு ஒருவனுடைய வசனம் என்றதும் தடையில்லாமல் வந்தது.

"பயமாத்தாம்மா இருக்கு. நீ போயிட்டா சாயங்காலம் நான் யார்கூடப் பேசுவேன்? அது ஒண்ணுதாம்மா. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் கடையைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். அந்த ஸ்டூல் நல்லாருக்கும்மா. நீ போ. எங்க கையெழுத்துப் போடணும்?"

அறை மொத்தமும் அழுதது. அகராதியும் அழுதார், அதில் பொய் ஒரு சொட்டு இல்லை. மகளின் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வேகமாக அப்பாவிடம் வந்தாள். மணி நான்கு இருபது. அகராதி படிவத்தை வாங்கினார், பேனா மூடியைத் திறந்தார்.

அதற்குள் நிருபர் பெண் நடுவில் புகுந்துவிட்டாள். "சார், வெளிவராத படத்தைப் பத்தி உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா? கொஞ்சம் இந்த வெளிச்சத்துக்கு வாங்க."

"ஒரே நிமிஷம்மா," என்றார் மகளிடம். படிவம் மடிந்து சட்டைப்பைக்குள் போனது.

அந்த ஒரு நிமிஷத்தில் அகராதி எட்டாவது படத்தின் முதல் பாதியை முடித்தார். பெண் எந்த ஊர், தோழி யார், மழை எங்கே வருகிறது, மொட்டைமாடி எப்படி இருக்கும் என்று கேட்கக் கேட்க அவிழ்த்துவிட்டார். பல் டாக்டர் ஒரு மாணவன் மாதிரி உட்கார்ந்து குறிப்பெடுத்ததைப் பார்த்ததும் அவருக்கு இறக்கை முளைத்துவிட்டது. நான்கரைக்கு மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அப்பா, ஆபீஸ்" என்றாள். "இதோம்மா." கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தாள். "அப்பா, ரெண்டு தெரு நடக்கணும். படிவத்தையாவது குடுங்க." "கண்ணு, அண்ணாவைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றார், கொஞ்சம் கண்டிப்பாகவே. அறுபது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உணர்ச்சியே கிடையாது என்று ரிப்பன் அக்கா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது மகளுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

"சரி, அப்பா எப்பய்யா கையெழுத்துப் போடுறாரு?" என்று கேட்டார் தலைவர்.

"கடைசி நிமிஷத்துல," என்றார் அகராதி. "அவ காகிதத்தை வாங்கிட்டு ஓடுறா. தெரு முழுக்க ஓடுறா. கதவைச் சாத்தப் போறாங்க, அந்த நேரத்துல உள்ள நுழைஞ்சிடுறா."

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டிய தலைவரின் மணிக்கட்டு அகராதியின் முகத்துக்கு நேராக வந்தது. அதில் கடிகாரம் இருந்தது. ஐந்து பத்து.

அகராதி படிவத்தை உருவி, தலைவரின் முதுகின்மேலேயே வைத்துக் கையெழுத்தைப் போட்டார். இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்கினார். கடைசிப் படியில் மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுட்டேம்மா! பாரு, போட்டுட்டேன்!"

அவள் படிவத்தைப் பார்த்தாள். "அஞ்சுக்கே மூடிடுவாங்கப்பா."

"எழுந்திரு. ஓடினாப் பிடிச்சிடலாம்."

"நான் நாலு மணியிலேர்ந்து நின்னு பாத்துட்டேன். எனக்குக் கால் வலிக்குது," என்றாள். "நீங்க ஓடுங்க."

அகராதி ஓடினார். பள்ளிச் சீருடையில், டை தோளுக்குப் பின்னால் பறக்க, ஒரு கையில் காகிதமும் ஒரு கையில் இடுப்பைவிட்டு நழுவும் கால்சட்டையுமாக, நாற்பத்தெட்டு வயதில் இரண்டு தெருவையும் ஓடினார். மாடியிலிருந்து பார்த்த வட்டத்துக்கு மெய்சிலிர்த்துப்போனது. "க்ளைமாக்ஸய்யா! நடிச்சே காட்டுறாரு!" என்று தலைவர் அலற, கேமராவும் கூட்டமும் படி இறங்கிப் பின்னால் ஓடி வந்தன. மூட்டுவலிக்காரர்கள்கூட ஓடினார்கள். யாரோ ஒருவர் வாயாலேயே பின்னணி இசை போட்டார்.

சேர்க்கை அலுவலகத்தின் கதவு சாத்தியிருந்தது. ஓர் அம்மாள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அகராதி மூச்சு வாங்கப் படிவத்தை நீட்டினார். அவள் அதிலிருந்த பெயரைப் படித்தாள்.

"இந்தப் பொண்ணா? ரெண்டு தடவை போன் பண்ணுச்சே, அப்பா கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு, அஞ்சு வரைக்கும் என் இடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு. அஞ்சு வரைக்கும் வச்சிருந்தோம் சார். வரிசையில அடுத்து இருந்தவங்களுக்குக் குடுத்தாச்சு. அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை எழுதச் சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். அகராதி பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கூட்டம் இரைக்க இரைக்க வந்து சேர்ந்து, அரைவட்டமாக நின்று, கை தட்டியது. தலைவர் அவரைக் கட்டிக்கொண்டார். "பின்னிட்டய்யா! அண்ணா மேல இருந்து பாத்துக்கிட்டிருப்பாரு!"

அகராதி அவர் கையை விலக்கினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் பல் டாக்டர் நிற்பது கண்ணில் படவில்லை.

"எட்டாவது படம்னு ஒண்ணு கிடையாது," என்றார். "நான் சொன்னது பூராப் பொய். அது என் பொண்ணு. அவ என்கிட்டதான் பேசினா. பத்து நாளாப் பேசினா. நான் கேக்கல."

தலைவர் டையின் நுனியால் கண்ணைத் துடைத்தார். பல் டாக்டர் தோற்றுப்போன மனுஷனாகத் தலையைக் குனிந்துகொண்டு, "என்ன வசனம்யா!" என்றார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரிப்பன் அக்கா அத்தனையும் நோட்டில் எழுதி முடித்துவிட்டு, பேனாவை நிறுத்தி, மரியாதையாக அவரிடமே கேட்டாள்:

"'நான் கேக்கல'ன்னு அங்கேயே முடியுதா, இல்ல அதுக்கப்புறமும் வசனம் இருக்கா?"